பூசிய சுவரைப் பூசாத சுவராக்கிய கதை

எங்கள் பக்கத்தில் பூசாத வீடு என்பது ஒரு வசவு. "அவுக வீடு இன்னும் பூசாமத்தான கெடக்கு" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும். அங்கே பெண் எடுக்காதே, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பட்டுச்சேலை கட்டாதே என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அப்படிப்பட்ட வீட்டிலேயே இருபத்திரண்டு வருடம் வளர்ந்து, ஒருவழியாகப் பூசிய வீட்டுக்குக் குடிவந்த பிறகு, என் சொந்தக் கையால் சுவரைப் பூசாத சுவர் போல ஆக்கினேன். பைத்தியம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். என் அம்மா அதைவிட மோசமாக நினைத்தாள்.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். நூறு வண்ணம் என்று அச்சடித்த பெட்டிக்குள் எத்தனை வண்ணம் இருக்கும் என்று தெரிந்தவள் நான். கடைசியில் நானே ஒரு கேட்லாக்கைப் பார்த்து ஏமாந்தேன். அந்தக் கேட்லாக்கில் பிழை திருத்தியதும் நான்தான்.

வீட்டு அலங்காரம் செய்து தரும் ஒரு வெளியூர் கம்பெனியின் ஆர்டர் அது. பதினான்காம் பக்கத்தில் ஒரு ஹால். சுவர் பழுப்பும் சாம்பலுமாக, கொத்தனார் முதல் பூச்சை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பி வராதது போல, கரண்டித் தடம் கரண்டித் தடமாக இருந்தது. முன்னால் ஒரு மண்பானை, அதில் ஒரு காய்ந்த குச்சி. பக்கத்தில் கைத்தறிச் சேலை கட்டிய ஒரு பெண் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். 'உங்கள் சுவர் மூச்சு விடட்டும்' என்று மேலே எழுதியிருந்தது.

முதல் தடவை பார்த்ததும், கறுப்பு மசி கூடிப்போய்ச் சுவர் அழுக்காகத் தெரிகிறது என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். கம்பெனியிலிருந்து போன் வந்தது. மசியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சுவரே அப்படித்தான், அப்படி ஆக்குவதற்குத்தான் ஆட்கள் எங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றார்கள். அதன்பிறகு நான்கு நாள் அந்தப் பக்கம் என் மேஜையிலேயே கிடந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அம்மியளவுகூடத் தாங்கவில்லை, நான்காம் நாளே நகர்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டு ஹால் சுவருக்கு அப்போது எந்தக் குறையும் இல்லை. பூசி, வெள்ளைப் பட்டி மாவு இழுத்து, இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்து, பல்லி ஏறினால் வழுக்குகிற பதத்தில் இருந்தது. அதுதான் அதன் குற்றம். கைத்தறிச் சேலைக்காரியின் சுவர் மூச்சு விடுகிறது, என் சுவர் சும்மா நிற்கிறது.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரே ஒரு அண்ணன். அவர் கொத்தனார்.

நாங்கள் வளர்ந்த வீடு சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குப் போகும் வழியில் இருக்கிறது. செங்கல்லை அடுக்கி மேலே ஓடு போட்டதோடு அப்பா தவறிவிட்டார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கொண்டுவருவது வயிற்றுக்கே சரியாக இருந்தது. சுவருக்கு எங்கே போவது? செங்கல் தெரியாமல் இருக்க, அச்சகங்களில் கழித்துக்கட்டிய காலண்டர் தாள்களை மைதாப் பசை போட்டு ஒட்டியிருப்போம். எல்லாம் கலர் விலகிய தாள்கள். முருகனுக்கு உதடு ஓரிடத்தில் இருக்கும், உதட்டுச் சிவப்பு வேறிடத்தில் இருக்கும். காலையில் கண் விழித்ததும் எது எங்கே விலகியிருக்கிறது என்று பார்ப்பேன். என் பிழைப்புக்கான படிப்பு அங்கேதான் நடந்தது.

அண்ணன் பதினேழு வயதில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொத்து வேலைக்குப் போனார். ஊரார் வீட்டையெல்லாம் பூசினார். எங்கள் வீடு மட்டும் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு புதன்கிழமை, என்னைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று சேதி வந்தது. அண்ணன் மறுநாளே வேலைக்கு லீவு போட்டார், எங்கிருந்தோ சிமெண்டு வந்தது, எங்கிருந்தோ மணல் வந்தது. மூன்று நாளில் முன்னறை நான்கு சுவரும் பூசியாகிவிட்டது. காயத்தான் நேரமில்லை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார், கூச்சத்தில் பின்னால் சாய்ந்தார், எழுந்தபோது நீலச் சட்டையின் முதுகு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்களோ, சட்டையைத் துவைக்க ஓர் ஆள் வேண்டும் என்று முடிவு செய்தார்களோ, தெரியவில்லை. அந்தச் சட்டைக்காரர்தான் என் வீட்டுக்காரர்.

அவர் விருதுநகரில் ஒரு பருப்பு மொத்தக்கடையில் பொறுப்பாளர். பருப்பில் கல் பார்க்கிற கண் அவருக்கு. நாங்கள் சிவகாசியில் வீடு கட்ட ஆரம்பித்தபோது, சொந்தக்காரரை வேலைக்கு விட்டால் ஒரு குறை சொல்ல வாய் வராது, வெளியாள் என்றால் நறுக்கென்று கேட்டு வாங்கலாம் என்றார். விருதுநகரிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார், அவர் தன் கொத்தனாரைக் கூட்டி வந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் என்னுடைய மூடிய வாய்தான் காரணம். வீட்டுக்காரர் தலையில் பழியைக் கட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

பால் காய்ச்சும் அன்று, வீட்டைக் கட்டிய கொத்தனாரை மணையில் உட்கார வைத்து, வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பிறந்த வீட்டுச் சீர் வந்து சேர்ந்தது. அண்ணன் தட்டோடு வாசலில் நிற்கிறார். உள்ளே என் வீட்டுக்காரர் இன்னொரு கொத்தனார் தோளில் துண்டு போடுகிறார். மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று போட்டோக்காரர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் தள்ளி நின்றார். முறை முடிந்ததும் சீரை வைத்தார், ஹால் சுவரை உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தரம் தடவினார், சாத்தூரில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பந்தி போட்டிருந்தது. கை நனைக்கவில்லை.

அதன்பிறகு ஒன்றரை வருடம் அவர் எங்கள் வாசப்படி ஏறவில்லை. தீபாவளிக்கு வேட்டி துண்டு எடுத்து வைத்துக் கூப்பிட்டேன். பொங்கலுக்குக் கூப்பிட்டேன். "வாரேன்த்தா, வாரேன்" என்பார். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசலாம். இப்படிச் சிரித்துக்கொண்டே வாரேன் என்பவரை என்ன செய்வது? அண்ணன் என் வீட்டில் உட்கார்ந்து ஒருவாய் சோறு சாப்பிட வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு நேரில் போய், தப்பு என்னுடையது என்று சொன்னால் போதும். அதைச் சொல்லத் துப்பில்லாதவர்கள் சுவரை நோண்டுவார்கள். நான் நோண்டினேன்.

கம்பெனியைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் சிரித்தார். போனில் ஒரு வீடியோ வைத்திருந்தார். அதில் ஒரு தாடிக்காரப் பையன் பாட்டுக்கு ஏற்றபடி கையை ஆட்டி, நாற்பது நொடியில் ஒரு முழுச் சுவரை முடித்துவிட்டுக் கடைசியில் கும்பிடு போட்டான். நாற்பது நொடி வேலைக்கு ஆள் எதற்கு என்றார். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்த நாற்பது நொடியை ஆரம்பித்தோம்.

பெயிண்டுக்கு மேல் எதுவும் பிடிக்காது, முதலில் சுரண்ட வேண்டும் என்று வீடியோவில் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னார். கண்ணாடி போல இருந்த சுவரை உப்புத்தாள் போட்டு இரண்டு பேரும் மத்தியானம் வரை தேய்த்தோம். இதே வழவழப்புக்காகக் கட்டும்போது ஒன்றரை மாதம் காத்திருந்தோம் என்பதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு பட்டி மாவில் சலித்த மணலைக் கலந்து, கொஞ்சம் கலர்ப்பொடி போட்டு, தகட்டால் இழுத்தோம். இழுத்தது இழுத்தபடியே கீழே விழுந்தது. தாடிக்காரப் பையன் ஏதோ ஒரு டப்பாவிலிருந்து பால் மாதிரி ஒன்றை ஊற்றியிருந்தான். அது எங்கள் ஊர்க் கடையில் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. ஒட்டவில்லை என்றால் பசை போட வேண்டும். பசைக்குச் சிவகாசிக்காரி அலையலாமா? பக்கத்து வீட்டு அக்கா பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுற்றித் தருகிறவர். எந்நேரமும் அவர் வீட்டில் ஒரு வாளி மைதாப் பசை இருக்கும். நானும் பள்ளிக்கூடம் படிக்கும்போது குழாய் சுற்றியவள்தான். அந்தப் பசை ஒரு தடவை ஒட்டினால் ஒட்டியதுதான். கிண்ணத்தை நீட்டினேன். எதுக்கு என்றுகூடக் கேட்காமல் அள்ளி ஊற்றினார்.

பசை கலந்ததும் சுவர் எங்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பேய் பிடித்த மாதிரி பிடித்தது. தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு தடம், நிமிர்த்தினால் ஒரு தடம். வீட்டுக்காரர் ஏணியில் நின்று, நம்மிடம் இப்படி ஒரு திறமை இருந்தது யாருக்குமே தெரியாமல் போய்விட்டதே என்றார். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். பதினான்காம் பக்கம் அப்படியே எங்கள் ஹாலில் இறங்கியிருந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்துப் பார்த்து மூச்சு விட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் சுவர் நீலமாக இருந்தது. முழு நீலம்கூட இல்லை, அங்கங்கே தேமல் மாதிரி. பூச்சியும் எலியும் தின்றுவிடக் கூடாது என்று குழாய்ப் பசையில் மயில்துத்தம் என்ற விஷ உப்பைக் கலப்பார்கள். அது எனக்குத் தெரியும். பட்டியில் இருக்கும் சுண்ணாம்போடு மயில்துத்தம் சேர்ந்தால் நீலம் பூக்கும் என்பதைப் பெயிண்டுக் கடைக்காரர்தான் விளக்கினார். திராட்சைத் தோட்டக்காரர்கள் இந்தக் கலவையைத்தான் கொடிக்கு மருந்தாக அடிப்பார்களாம். உங்கள் சுவருக்கு இனி பூஞ்சை நோயே வராது என்று ஆறுதலும் சொன்னார்.

நீலத்தின்மேல் பழுப்பாக ஒரு கோட்டிங் இழுத்து மூடினோம். மூடியும் நான்கைந்து இடத்தில் எட்டிப் பார்த்தது. வெளியே தெரிந்த நீலம் வேண்டுமென்றே விட்டது என்று இருவரும் பேசி முடிவு செய்துகொண்டோம். சந்தையில் பானை ஒன்று வாங்கி, கருவேலங்குச்சி ஒடித்துச் செருகி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அச்சகத்தில் எல்லோரும் இதயம் அனுப்பினார்கள். யார் யார் பார்த்தார்கள் என்ற வரிசையில் அண்ணன் பெயரும் இருந்தது. அவர் எதுவும் அனுப்பவில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கு அம்மா இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். குங்குமப் பொட்டலத்தை என்னிடம் கொடுக்கக் கையை நீட்டியவள், சுவரைப் பார்த்ததும் நீட்டிய கையோடு நின்றுவிட்டாள். கிட்டே போனாள். நீலத்தை நகத்தால் சுரண்டினாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. கடைசியில், வீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஏத்தா, இருந்த பூச்சைச் சொரண்டிட்டு, மறுபடி பூசக் கையில காசு இல்லாம நிப்பாட்டிட்டீகளா?"

"அதெல்லாம் இல்லம்மா. இப்ப இதான் ஃபேஷன்."

"ஆமாத்தா. நம்ம வீடும் இருவது வருசம் ஃபேஷனாத்தான கெடந்துச்சு."

நான் கேட்லாக்கை எடுத்து வந்து காட்டினேன். அவள் கைத்தறிச் சேலைக்காரியைப் பார்த்து, பாவம், இந்தப் பிள்ளை வீடும் பூசாமல்தான் கிடக்கிறதா என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும், கஷ்டத்தை மறைக்கிற மகளிடம் தலையாட்டுவது போலவே தலையாட்டினாள். மத்தியானம் இரண்டாவது தடவை சோறு வைக்கப் போனபோது இலையைக் கையால் மறித்துக்கொண்டாள். கோயிலில் வாங்கிய பழத்தில் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் எங்களுக்கே வைத்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு இரண்டு தடவை சோறு போட முடியாத நிலைமைக்கு என்னை ஒரு சுவர் கொண்டுவந்து விட்டது. அந்தச் சுவருக்காகத் தவம் கிடந்தது நான்தான்.

அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை ஆடிப் பதினெட்டுக்கு வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு முந்தின வாரம் அச்சகத்தில் தலை நிமிர நேரம் இருக்காது. அந்த வாரம் வியாழக்கிழமை அடுத்த வருடத்துச் சாமிகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் திரும்பினேன். வீட்டு வாசலில் ஒரு பழைய பைக் நின்றது. பின் சீட்டில் சாந்துச்சட்டி கட்டியிருந்தது.

ஒன்றரை வருடமாக இந்த வாசலில் அண்ணன் பைக்கை நான் பார்த்ததே இல்லை.

படியில் அம்மா உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். என் பானை அவள் பக்கத்தில் இருந்தது. குச்சியைக் காணோம். பானை நிறையத் தண்ணீர், மேலே ஒரு தட்டு, தட்டில் ஒரு டம்ளர். காலையிலேயே வந்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். கூடப்பிறந்த அண்ணன் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று அக்கா அப்புறம் என்னிடமே நியாயம் பேசினார். மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாராம். அண்ணன் வேண்டாம் என்று டீயோடு நிறுத்திக்கொண்டாராம்.

உள்ளே போனேன். பதினான்காம் பக்கம் இல்லை. தரையில் சாக்கு விரித்திருந்தது, அதன்மேல் எங்கள் உழைப்பெல்லாம் பழுப்பும் நீலமுமாகக் குவிந்து கிடந்தது. சுவர் ஒரே வெள்ளையாக, ஈரம் மின்ன, ஒரு தடம் இல்லாமல் நின்றது. மூலையில் பீரோ இருந்த இடத்தில் மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் பழுப்பு தெரிந்தது. அண்ணன் கடைசியாக ஒரு தரம் தகட்டை இழுத்துவிட்டுத் திரும்பினார். தலை, புருவம் எல்லாம் மாவு.

"சொரண்டவே மத்தியானம் வரைக்கும் ஆயிருச்சுத்தா. பசையைப் போட்டுல்லா கலந்திருக்கான். எந்தப் பய பண்ணுன வேலை இது? அன்னைக்கு வேட்டி துண்டு வாங்கிட்டுப் போனானே, அவனா?"

ஒன்றரை வருடம் வாரேன் வாரேன் என்று சிரித்த வாயிலிருந்து அந்த வேட்டி துண்டு இப்போதுதான் வெளியே வந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு பிழையை ஒப்புக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "ஆமாண்ணே" என்றேன். அந்த விருதுநகர்க் கொத்தனார் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். தகட்டைக் கழுவ வெளியே குழாயடிக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்தார். வாசலில் பைக்கைப் பார்த்தவர், அம்மாவைப் பார்த்தவர், உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏணியில் நின்ற திறமைசாலி ஒரு நிமிடம் வந்து போனார். வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்தப் பார்வைக்கு அவர் இவ்வளவு சீக்கிரம் அடங்கியதில்லை. கை கழுவிவிட்டு அண்ணன் உள்ளே வரவும், "நல்லா இருக்கு மச்சான். நம்ம வீடு மாதிரியே இல்ல" என்றார். சொல்லிவிட்டு, அப்பாடா என்று பின்னால் சாய்ந்தார்.

"மாப்ள, ஈரம்" என்றார் அண்ணன்.

சட்டை முதுகு முழுக்க வெள்ளை. படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா வெற்றிலை எச்சிலோடு சிரித்ததில் புரையேறிவிட்டது. அண்ணன் சிரித்தார். வீட்டுக்காரர் சட்டையைத் திரும்பிப் பார்க்க முடியாமல் ஒரு சுற்றுச் சுற்றினார். சாய்ந்த இடத்தில் விழுந்த தடத்தை அண்ணன் தகடு எடுத்து மறுபடி இழுத்துச் சரிசெய்தார்.

நான் அறைக்குள் போய்த் தீபாவளிக்கு எடுத்து வைத்த வேட்டி துண்டை வெளியே எடுத்தேன். ஒரு தட்டில் வைத்து, அம்மாவிடம் இரண்டு வெற்றிலை வாங்கி மேலே வைத்துக் கொண்டுவந்தேன். அண்ணன் தட்டைப் பார்த்தார்.

"எதுக்குத்தா இது?"

"வீட்டைப் பூசுன கொத்தனாருக்குண்ணே."

அவர் கையை லுங்கியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். கை ஈரமாக இருக்கிறது, புதுத்துணியில் பட்டுவிடும் என்றார். என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து உதறி அவர் தோளில் போட்டார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றார். போட்டோ எடுக்க ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய் அழுதேன். உலை வைக்கும்போது வந்த அழுகை குழம்பு தாளிக்கும்வரை நிற்கவில்லை.

சோறு ஆக்கி, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, முட்டை பொரித்தேன். அண்ணன் ஹாலில், அந்தச் சுவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவும் இந்தத் தடவை இலையை மறிக்கவில்லை. சுவர் பூசியாகிவிட்டது, இனி மகள் வீட்டில் அரிசி இருக்கும் என்று நம்பிவிட்டாள் போல.

கிளம்பும்போது அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் சட்டியைப் பைக்கில் கட்டியபடி, குனிந்த தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"அந்த விருதுநகர் ஆளைக் குத்தம் சொல்லாதத்தா. அவன் கை சுத்தம். அன்னைக்கே தடவிப் பாத்தேன், நானே அம்புட்டு நேக்கா பூசியிருக்க மாட்டேன். இது குழாய்ப் பசை. வாசம் தெரியாதா எனக்கு?"

நான் என் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஒரு மாதமாகியும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை.

"அப்புறம் ஏண்ணே வந்து நாள் முழுக்கச் சொரண்டுனீக?"

"நல்ல செவுரா இருந்தா எனக்கு அங்கன என்ன வேலை? பூசாமக் கெடக்குன்னு ஆத்தா வந்து சொல்லுச்சு. சரி, போவோம்னு வந்தேன்."

அவ்வளவுதான். வண்டியை உதைத்தார், அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். பீரோவுக்குப் பின்னால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துவிடுகிறேன் என்றார். பீரோவுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள், விட்டுவிடுங்கள் மச்சான் என்று சொல்லப்போன வீட்டுக்காரர் காலை மிதித்தேன்.

"வாங்கண்ணே. படுக்குற ரூமும் பாக்கணும். அங்கயும் செவுரு சரியில்ல."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்புட்டு மோசமா?"

"அம்புட்டு மோசம்ணே."

"அப்ப வந்துர வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கையறைச் சுவர் அந்த விருதுநகர்க் கொத்தனார் கைபட்டது. பல்லி ஏறினால் வழுக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது. நீலம் பூக்க மூன்று நாளாவது ஆகும். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வரும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவையும் அக்கா எதுக்கு என்று கேட்கவில்லை.